கனடாவின் நிரந்தர வதிவிட உரிமையை இழக்காமல் ஊரில் சில காலம் தங்க: புதிதாக வந்தோருக்கான வழிகாட்டி

கனடாவில் நிரந்தர வதிவிட உரிமை பெற்ற ஒருவர், பெற்றோரின் நோய், வீட்டில் ஒரு கல்யாணம், தீராத காணிப் பிரச்சினை, அல்லது இங்கே படிப்புக்கேற்ற வேலை அமையாமை என்று ஏதோ ஒரு காரணத்தால் ஊருக்குத் திரும்பிப் பல மாதங்கள் தங்குவதைச் சட்டம் தடுக்கவில்லை. 2002 ஜூன் மாதம் நடைமுறைக்கு வந்த குடிவரவு, அகதிகள் பாதுகாப்புச் சட்டத்தின் 28ஆம் பிரிவு கேட்பது ஒரு நாள் கணக்கைத்தான்: ஐந்தாண்டுக் காலம் ஒவ்வொன்றிலும் குறைந்தது 730 நாள்கள் கனடாவில் இருந்திருக்க வேண்டும். அந்த நாள்கள் தொடர்ச்சியாக இருக்க வேண்டியதில்லை. ஒரே மூச்சில் இரண்டு ஆண்டுகள் வெளியே இருந்தாலும் கணக்கு நிறைந்தால் போதும். ‘ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து தலையைக் காட்டிவிட்டுப் போ’ என்று உறவினர் சொல்லும் அறிவுரை பெரும்பாலும் அமெரிக்காவின் கிரீன் கார்டைப் பற்றிய அரைகுறைப் பேச்சிலிருந்து வந்தது. கனடாவில் அப்படியொரு விதி இல்லை. அதுபோலவே, பிஆர் அட்டை எனப்படும் நிரந்தர வதிவாளர் அட்டையில் அச்சிட்டிருக்கும் காலாவதித் திகதி அந்த அட்டைக்கு மட்டுமே உரியது. அட்டை காலாவதியானவர் உரிமையை இழந்தவர் ஆகமாட்டார். கையில் செல்லுபடியாகும் அட்டை இருப்பவர் நாள் கணக்கில் தேறிவிட்டார் என்றும் ஆகாது.

ஆகவே, பயணச்சீட்டு வாங்குமுன் செய்ய வேண்டியவற்றை அவற்றின் வரிசையிலேயே சொல்கிறேன்.

முதலில்: உரிமை எந்த வழியாக வந்தது என்று பாருங்கள்

திறன்சார் தொழிலாளரைத் தெரிவுசெய்யும் எக்ஸ்பிரஸ் என்ட்ரி, மாகாண நியமனம், உறவினர் பொறுப்பேற்று அழைக்கும் குடும்ப அனுசரணை ஆகிய வழிகளில் வந்தவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிச் செல்லலாம். அகதிக் கோரிக்கை ஏற்கப்பட்டு அதன் பின் நிரந்தர வதிவிட உரிமை பெற்றவர்களும், வெளிநாடொன்றில் அகதியாகத் தெரிவுசெய்யப்பட்டு இங்கே குடியேற்றப்பட்டவர்களும் தாண்டக் கூடாது. இலங்கையிலிருந்து வந்த தமிழரில் இந்த வகையினர் ஏராளம். அவர்களுக்கு ஊர்ப் பயணத்தில் நாள் கணக்கு இரண்டாவது கேள்வியே.

எந்த நாட்டுக்கு அஞ்சிப் பாதுகாப்புக் கேட்டாரோ அந்த நாட்டின் கடவுச்சீட்டை ஒருவர் புதிதாக எடுத்தாலோ, புதுப்பித்தாலோ, அதில் பயணம் செய்தாலோ, அந்த நாட்டின் பாதுகாப்பைத் தாமாகவே மீண்டும் நாடிவிட்டார் என்று காட்டி, அவருடைய அகதிப் பாதுகாப்பை முடிவுறுத்துமாறு அரசு குடிவரவு, அகதிகள் சபையிடம் விண்ணப்பிக்கலாம். சட்டத்தின் 108ஆம் பிரிவு இதற்கு இடமளிக்கிறது. 2012 டிசம்பருக்கு முன்பு இப்படி முடிவுறுத்தப்பட்டாலும் நிரந்தர வதிவிட உரிமை தப்பிவிடும். அவ்வாண்டு நடைமுறைக்கு வந்த திருத்தத்தின் பின் இரண்டும் ஒன்றாகவே போகின்றன. இந்தத் தீர்ப்பை எதிர்த்துக் குடிவரவு மேன்முறையீட்டுப் பிரிவுக்குச் செல்ல வழியில்லை. சமஷ்டி நீதிமன்றத்திடம் அனுமதி பெற்று நீதிமுறை மீளாய்வு கோருவது ஒன்றே எஞ்சும். கனடாவில் பல ஆண்டுகள் இருந்து, வேலை செய்து, வரி கட்டி, 730 நாள்களுக்கு இருமடங்காக வைத்திருந்தாலும் அது இங்கே துணைக்கு வராது.

‘போர்தான் 2009இல் முடிந்துவிட்டதே, இனி யார் கேட்கப் போகிறார்கள்’ என்று நினைப்பவர்கள் சட்டத்திலுள்ள ஒரு விசித்திரத்தைக் கவனிக்க வேண்டும். நாட்டு நிலைமை மாறிவிட்டது என்ற காரணத்தால் மட்டும் பாதுகாப்பு முடிவுறுத்தப்பட்டால் நிரந்தர வதிவிட உரிமைக்கு ஆபத்தில்லை. தாமாகத் திரும்பிப் போனார் என்ற காரணத்தால் முடிவுறுத்தப்பட்டால்தான் அது பறிபோகிறது. சமஷ்டி மேன்முறையீட்டு நீதிமன்றம் 2022இல் கலின்டோ கமாயோ வழக்கில், பயணத்தின் நோக்கம் என்ன, விளைவை அவர் அறிந்திருந்தாரா, அஞ்சியது அரசையா வேறு எவரையுமா, அங்கே என்ன முன்னெச்சரிக்கையோடு இருந்தார் என்பனவற்றையெல்லாம் சபை ஆராய வேண்டும் என்று சொன்னது. அத்தீர்ப்பு மாட்டிக்கொண்டவருக்கு வாதாட இடம் தருகிறது. புறப்படுகிறவருக்கு அனுமதி தரவில்லை. குடியுரிமை விண்ணப்பத்தில் வெளிநாட்டுப் பயணங்கள் அனைத்தையும் எழுதிக்கொடுக்க வேண்டியிருப்பதால், எப்போதோ போய்வந்த பயணமும் அங்கே வெளிப்பட்டுவிடும்.

குடியுரிமை கிடைத்துவிட்டால் இந்த ஆபத்து நீங்கிவிடுகிறது. ஆகவே, இந்த வகையினர் குடியுரிமைச் சான்றிதழ் கையில் வரும் வரை ஊருக்குப் போகாமலிருப்பதே என் உறுதியான கருத்து. பெற்றோரைப் பார்த்தே ஆக வேண்டுமென்றால், கனடா தரும் அகதிப் பயண ஆவணத்தில் மூன்றாவது நாடொன்றுக்குப் போய், அவர்களை அங்கே வரவழைத்துச் சந்திக்கலாம். சொந்த நாட்டுக்குச் செல்வதற்கு மட்டும் அந்த ஆவணம் செல்லாது. இலங்கைத் தமிழர் பலர் சென்னையிலும் திருச்சியிலும் குடும்பத்தாரைச் சந்தித்துத் திரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம். தாய் மரணப் படுக்கையில் இருக்கும்போது எவருக்கும் சட்டப் பிரிவுகள் காதில் ஏறா என்பது உண்மைதான். ஆயினும் கடவுச்சீட்டு விண்ணப்பத்தில் கையெழுத்திடுமுன் குடிவரவுச் சட்டத்தரணி ஒருவரிடம் ஒரு மணி நேரமாவது பேசிவிடுங்கள்.

இரண்டாவது: நாள்களை எழுதிப் பார்த்து எண்ணுங்கள்

கனடாவில் ஒரு நாளின் ஒரு பகுதி இருந்தாலும் அது முழு நாளாகவே கணக்கில் சேரும். எனவே வந்திறங்கிய நாளும் புறப்பட்ட நாளும் உங்கள் பக்கமே. நிரந்தர வதிவாளராகி ஐந்து ஆண்டுகள் நிறையாதவரிடம், ஐந்தாண்டு முடிவதற்குள் 730 நாள்களை எட்ட இயலுமா என்பதே பார்க்கப்படும். ஐந்து ஆண்டுகளைக் கடந்தவரிடம், அதிகாரி அவரைப் பரிசீலிக்கும் நாளுக்கு உடனடியாக முந்திய ஐந்து ஆண்டுகள் பார்க்கப்படும். இந்த இரண்டாவது கணக்கில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள்.

ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். ஒருவர் 2021 ஜூன் 1 அன்று ரொறன்ரோவில் வந்திறங்கி நிரந்தர வதிவாளரானார். 2022 டிசம்பர் 31 அன்று ஊருக்குப் புறப்பட்டார். அதுவரை அவர் சேர்த்தவை 2021இல் 214 நாள்கள், 2022இல் 365 நாள்கள், ஆக 579 நாள்கள். அவருடைய முதல் ஐந்தாண்டு 2026 மே 31 அன்று நிறைகிறது. இன்னும் 151 நாள்கள் தேவை. ஜனவரி முதல் மே வரையுள்ள ஐந்து மாதங்களின் நாள்களைக் கூட்டினால் சரியாக 151 வரும். எனவே 2026 ஜனவரி 1 அன்று அவர் கனடாவில் இறங்கி, மே இறுதி வரை எங்கும் நகராதிருந்தால் கணக்கு ஒரு நாள்கூட மிஞ்சாமல் நிறையும். அவர் பிப்ரவரி 1 அன்று வந்தால் அதிகபட்சம் 699 நாள்களையே எட்ட முடியும். ஐந்தாண்டு இன்னும் முடியவில்லை என்றாலும் எட்டவே முடியாது என்பது தெரிந்துவிடுவதால் வதிவிடக் கடப்பாட்டை மீறினார் என்று விமான நிலையத்திலேயே அவர்மீது அறிக்கை எழுதப்படலாம்.

சரி, ஜனவரி 1 அன்றே வந்துவிட்டார், மே 31ஐயும் கடந்துவிட்டார், இனிக் கவலையில்லை என்று அவர் ஜூன் மாதம் ஒரு மாத விடுமுறைக்கு மறுபடி ஊருக்குப் போனால் என்ன ஆகும்? அவருடைய ஐந்தாண்டுச் சாளரம் இப்போது ஒவ்வொரு நாளும் நகர்கிறது. வரிசையின் பின்னால் புதிய நாள் ஒன்று சேரும்போது, முன்னால் 2021 ஜூன் மாதத்து நாள் ஒன்று வெளியேறுகிறது. கனடாவில் இருந்தால் போவதும் வருவதும் ஈடாகி 730 அப்படியே நிற்கும். வெளியே இருந்தால் நாளுக்கொன்றாகக் குறையும். 2021, 2022ஆம் ஆண்டுகளின் பழைய நாள்கள் முழுவதும் வெளியேறி முடியும் வரை, அதாவது 2027 இறுதி வரை, அவருக்கு ஒரு வாரப் பயணமும் ஆபத்தானதே. கடைசி நாளில் வந்து கணக்கை நிறைவாக்குவோர் அதற்குப் பின்னும் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு கனடாவுக்குள் கட்டுண்டிருக்க வேண்டியிருக்கும் என்பதைப் புறப்படும்போதே தெரிந்துகொள்ள வேண்டும். ஆகவே திரும்பும் திகதியை 730க்கு நேராக வைக்காமல், குறைந்தது மூன்று நான்கு மாதங்களேனும் மிச்சம் வருமாறு வையுங்கள்.

நாள்களை நினைவிலிருந்து எண்ண வேண்டாம். கனடா எல்லைச் சேவைகள் முகமை உள்நுழைவை மட்டுமன்றி வெளியேறுதலையும் பதிவு செய்கிறது. தரை எல்லையில் 2019 முதலும் விமானப் பயணத்தில் 2020 முதலும் இது நடக்கிறது. உங்களுடைய பயண வரலாற்றை அந்த முகமையிடம் கேட்டுப் பெறலாம். அதையும் கடவுச்சீட்டு முத்திரைகளையும் ஒப்பிட்டு, ஒரு தாளில் எழுதி வையுங்கள். நீங்கள் எழுதிக் கொடுப்பதும் அவர்களின் கணினி காட்டுவதும் ஒத்துப்போகாவிட்டால் நம்பிக்கை குலைவது உங்கள்மீதுதான்.

மூன்றாவது: வெளியே கழிந்தும் கணக்கில் சேரும் நாள்கள் உண்டா என்று பாருங்கள்

கனடியக் குடியுரிமை பெற்ற கணவனுடனோ மனைவியுடனோ வெளிநாட்டில் ஒன்றாக வாழும் நாள்கள் கணக்கில் சேரும். திருமணம் செய்யாமல் கணவன் மனைவி போல் சேர்ந்து வாழும், சட்டம் ஏற்கும் துணைவருக்கும் இது பொருந்தும். பெற்றோரில் ஒருவர் கனடியக் குடிமகனாக இருந்து, அவருடன் வெளிநாட்டில் வாழும் பிள்ளைக்கும் இதே சலுகை உண்டு. இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்வோர் மிகப் பலர்: பிள்ளை கனடாவில் பிறந்த குடிமகன் என்பதற்காக, அப்பிள்ளையுடன் ஊரில் இருக்கும் பெற்றோரின் நாள்கள் கணக்கில் சேரமாட்டா. குடிமகனான துணைவருடன் சென்றாலும், யார் யாருக்குத் துணையாகச் சென்றார் என்ற கேள்வி சில வழக்குகளில் எழுந்திருக்கிறது. கனடாவில் ஒன்றாக வாழ்ந்து, ஒன்றாகப் புறப்பட்டு, அங்கும் ஒரே முகவரியில் வாழ்ந்ததைக் காட்டும் ஆவணங்கள் இருந்தால் அந்தக் கேள்விக்குப் பதில் எளிது.

அடுத்தது வேலை. கனடிய நிறுவனம் ஒன்று, அல்லது மத்திய, மாகாண அரசு, தன்னுடைய முழுநேர ஊழியரை வெளிநாட்டுப் பணியிடத்துக்கு நியமித்து அனுப்பினால் அந்த நாள்கள் சேரும். அவருடன் வாழும் நிரந்தர வதிவாளரான துணைவருக்கும் பிள்ளைகளுக்கும் சேரும். ஆனால் நிறுவனம் கனடாவில் உண்மையாகவே இயங்குவதாக இருக்க வேண்டும். வதிவிடக் கணக்கைச் சரிக்கட்டுவதையே முதன்மை நோக்கமாகக் கொண்ட நிறுவனத்தை விதிமுறைகள் வெளிப்படையாகவே விலக்குகின்றன. மைத்துனர் பெயரில் பதிவான, வருமானமே இல்லாத கம்பனியின் கடிதம் பயன்படாது. கோயம்புத்தூரிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ மடிக்கணினி வழியாக ரொறன்ரோ நிறுவனத்துக்கு வேலை செய்வதும், நிறுவனம் உங்களை அங்கே ஒரு பணிக்கு அனுப்பி, முடிந்ததும் கனடாவிலுள்ள பதவிக்குத் திரும்ப எடுப்பதாக இல்லாவிட்டால், இந்த விதிக்குள் அடங்காது.

இன்னொன்று: இவ்வழிகளில் வதிவிடக் கணக்கு நிறைந்தாலும் குடியுரிமைக் கணக்கு நிறையாது. குடியுரிமைக்கு விண்ணப்பத்துக்கு முந்திய ஐந்து ஆண்டுகளில் 1,095 நாள்கள் கனடாவில் நேரில் இருந்திருக்க வேண்டும். அரசப் பணியில் அனுப்பப்பட்டோர் போன்ற சிலருக்கு மட்டுமே அதில் விலக்கு உண்டு. ஏற்கெனவே 900, 1,000 நாள்களைத் தொட்டவர், பயணத்தைச் சில மாதங்கள் தள்ளிப்போட முடியுமானால், குடியுரிமையை முடித்துக்கொண்டு போவதே சிறந்தது. கனடியக் கடவுச்சீட்டு கிடைத்த பின் இந்தக் கட்டுரையில் வரி, மருத்துவக் காப்புறுதி பற்றியவை தவிர மற்றவை உங்களுக்குத் தேவைப்படா.

நான்காவது: அட்டையைச் சரிபார்த்துக்கொண்டு புறப்படுங்கள்

கனடாவுக்குப் பறக்கும் விமானத்தில் ஏற நிரந்தர வதிவாளரிடம் செல்லுபடியாகும் பிஆர் அட்டை அல்லது நிரந்தர வதிவாளர் பயண ஆவணம் கேட்கப்படும். உங்களுக்கு உரிமை இருக்கிறதா என்பதை விமான நிறுவனத்தின் ஊழியர் ஆராயமாட்டார். அட்டை இருக்கிறதா என்பதை மட்டுமே பார்ப்பார். ஆகவே நீங்கள் திரும்பும் திகதிக்குப் பின்னும் சில மாதங்கள் அட்டை செல்லுபடியாக வேண்டும். காலாவதிக்கு ஒன்பது மாதங்களுக்குக் குறைவாக இருக்கும்போது புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம். கனடாவில் இருந்துகொண்டுதான் விண்ணப்பிக்க வேண்டும். அட்டை கனடிய முகவரிக்கு மட்டுமே அனுப்பப்படும். கட்டணம் 50 டொலர். குடும்பத்தில் மரணம், கடும் நோய் போன்ற அவசரங்களுக்கு விரைவாகப் பரிசீலிக்கக் கேட்கலாம். பயணச்சீட்டையும் காரணத்துக்கான சான்றையும் இணைக்க வேண்டும்.

முதன்முறையாக வந்திறங்கி, இரண்டு வாரத்தில் ஊருக்குத் திரும்பி, அங்கே வேலையை முடித்துக்கொண்டு பிறகு நிலையாக வரலாம் என்று திட்டமிடுவோர் தமிழ்நாட்டிலிருந்து வருவோரில் அதிகம். அவர்களின் முதல் அட்டை தபாலில் வர வாரங்கள் ஆகும். நம்பிக்கையான உறவினரின் முகவரியைக் கொடுத்து, அட்டை வந்ததும் கூரியரில் ஊருக்கு அனுப்பச் சொல்வது வழக்கத்தில் உள்ளது. முகவரியை 180 நாள்களுக்குள் கொடுக்காவிட்டால் அட்டைக்குப் புதிதாக விண்ணப்பித்துக் கட்டணமும் செலுத்த வேண்டும். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: ஐந்தாண்டுக் கடிகாரம் வந்திறங்கிய அன்றே ஓடத் தொடங்கிவிட்டது.

ஐந்தாவது: வரியும் மருத்துவக் காப்புறுதியும்

குடிவரவுச் சட்டம் பார்க்கும் வதிவிடமும் வருமான வரிச் சட்டம் பார்க்கும் வதிவிடமும் வேறு வேறு. வீடு, துணைவர், பிள்ளைகள் ஆகியோரை இங்கே விட்டுத் தற்காலிகமாகச் சென்றவர் வரிக்குப் பெரும்பாலும் கனடிய வதிவாளராகவே தொடர்வார்; ஊரில் ஈட்டும் வருமானத்தையும் இங்கே காட்ட வேண்டும். குடும்பத்தோடு எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு சென்றவர் வரிக்கு வதிவாளரல்லாதவர் ஆகலாம். அப்போது பிள்ளைகளுக்கான கொடுப்பனவு நிற்கும், வரிவிலக்குச் சேமிப்புக் கணக்கில் புதிதாகப் பணம் இட்டால் மாதம் 1 சதவீதத் தண்டவரி வரும். எது பொருந்தும் என்று தெரியாவிட்டால் என்ஆர்73 படிவத்தின் வழியாக, வரி வசூலிக்கும் கனடா வருமான முகமையிடம் கேட்கலாம். இந்தியாவில் ஒரு நிதியாண்டில் 182 நாள்களோ அதற்கு மேலோ தங்கினால் அங்கும் வரி வதிவாளர் ஆவீர்கள் என்பதையும் கணக்கில் எடுங்கள். வரி அலுவலகத்துக்கு ‘நான் கனடாவை விட்டுப் போய்விட்டேன்’ என்றும் குடிவரவு அதிகாரிக்கு ‘என் வாழ்வு முழுவதும் கனடாவில்தான்’ என்றும் சொல்பவரின் இரண்டு தாள்களும் ஒருநாள் ஒரே மேசைக்கு வரக்கூடும்.

ஒன்ராறியோவில் ஓஹிப் மருத்துவக் காப்புறுதி தொடர, எந்த 12 மாதங்களிலும் 153 நாள்கள் மாகாணத்துக்குள் இருக்க வேண்டும். அத்தனை நாள்கள் மாகாணத்தில் இருக்க முடியாதோர் புறப்படுமுன் மாகாண அரசின் சேவை நிலையமான சேவிஸ் ஒன்ராறியோவிடம் விசாரிப்பது நல்லது. படிப்பு, வேலை போன்ற காரணங்களுக்கு நீண்ட விலக்குகள் உள்ளன. பிற மாகாணங்களின் விதிகள் வேறு. வங்கிக் கணக்கை மூடாதீர்கள்; தொலைபேசி எண்ணை மலிவான திட்டத்துக்கு மாற்றியேனும் வைத்திருங்கள், ஏனெனில் வங்கியும் அரசுத் தளங்களும் அனுப்பும் இரகசியக் குறியீடுகள் அந்த எண்ணுக்கே வரும்.

ஊரில் இருக்கும் காலத்தில்

எதிர்பார்த்ததை விட நீண்டுவிடக்கூடிய பயணம் என்றால், நீட்சிக்கான காரணத்தை அது நிகழும்போதே ஆவணமாக்குங்கள். தந்தையின் பக்கவாதத்துக்காகத் தங்கியவர், மருத்துவமனை தந்த டிஸ்சார்ஜ் சம்மரி, கிளினிக் கொப்பி, மருந்துச் சீட்டுகள், மருத்துவரின் கடிதம் ஆகியவற்றைத் திகதி வரிசையில் சேர்த்து வைக்க வேண்டும். பராமரிக்க வேறு எவரும் ஏன் இல்லை என்பதற்கும் சான்று வேண்டும். சகோதரர் மூவர் அதே ஊரில் இருக்க, நீங்கள் மட்டும் ஏன் இரண்டு ஆண்டுகள் தங்கினீர்கள் என்று அதிகாரி கேட்பார். தமிழிலும் சிங்களத்திலும் உள்ள தாள்களை ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ மொழிபெயர்த்துச் சான்றுறுதியுடன் கொடுக்க வேண்டியிருக்கும்.

ஊரில் பிள்ளை பிறந்தால், பெற்றோர் இருவரும் நிரந்தர வதிவாளர்கள் என்றாலும் அப்பிள்ளைக்கு அந்த உரிமை தானாக வராது. தனியாக அனுசரணை விண்ணப்பம் செய்ய வேண்டும். அதிலுள்ள சிக்கல், நிரந்தர வதிவாளர் கனடாவில் வசித்துக்கொண்டுதான் அனுசரணை வழங்க முடியும் என்பது. வெளிநாட்டில் வசித்தபடி அனுசரிக்கும் வசதி துணைவரையும் பிள்ளையையும் அழைக்கும் கனடியக் குடிமக்களுக்கே உண்டு. ஊரில் திருமணம் செய்துகொள்பவருக்கும் இதே நிலைதான். மணமான பின் மனைவியுடன் ஊரிலேயே இருந்து விசா வரும் வரை காத்திருக்கலாம் என்று எண்ணினால், விண்ணப்பமே நிராகரிக்கப்படக் கூடும். பிரசவத்துக்காகத் தாய் வீட்டுக்குப் போகும் வழக்கத்தை நான் குறை சொல்லவில்லை; ஆனால் மூன்று மாதத்தில் திரும்பலாம் என்று போனவர், கைக்குழந்தைக்கு விசா கிடைக்காமல் அங்கேயே மாட்டிக்கொள்ளும் வாய்ப்பை முன்கூட்டியே எடைபோட வேண்டும்.

ஊரில் அட்டை காலாவதியானாலோ தொலைந்தாலோ

அட்டையின்றி வெளிநாட்டில் இருப்பவர் நிரந்தர வதிவாளரல்லர் என்றே சட்டம் முதலில் அனுமானிக்கிறது. அந்த அனுமானத்தை உடைப்பது நிரந்தர வதிவாளர் பயண ஆவணம். கட்டணம் 50 டொலர். ஆனால் இது வெறும் தாள் வேலை என்று நினைத்து விண்ணப்பிக்கக் கூடாது. விண்ணப்பத்தைப் பார்க்கும் அதிகாரி உங்கள் 730 நாள்களையும் எண்ணுவார். குறைந்தால் வதிவிடக் கடப்பாட்டை மீறினீர்கள் என்று தீர்மானிப்பார். அத்தீர்மானம் கைக்குக் கிடைத்த 60 நாள்களுக்குள் குடிவரவு மேன்முறையீட்டுப் பிரிவில் மேன்முறையீடு செய்யாவிட்டால் உரிமை போய்விடும். மேன்முறையீடு செய்தவர், கடந்த 365 நாள்களுக்குள் ஒருமுறையேனும் கனடாவில் இருந்திருந்தால், வழக்கு முடியும் வரை கனடாவுக்குத் திரும்பப் பயண ஆவணம் பெறலாம்.

எனவே நாள்கள் குறைவாக உள்ளவர், செல்லுபடியாகும் அட்டை கையில் இருக்கும்போதே திரும்பிவிடுவது மிக முக்கியம். அமெரிக்க விசா வைத்திருப்போருக்கு இன்னொரு வழியும் உண்டு: அட்டைக் கட்டுப்பாடு விமானம், பேருந்து, ரயில், கப்பல் போன்ற வணிக ஊர்திகளுக்கே உரியது என்பதால், அமெரிக்காவுக்குப் பறந்து, தனியார் வாகனத்தில் நயாகரா போன்ற தரை எல்லைக்கு வரலாம். அங்கே நிரந்தர வதிவாளர் என்பதை உறுதிசெய்துகொண்ட அதிகாரி உள்ளே அனுமதிக்கக் கடமைப்பட்டவர். ஆனால் நாள் குறைவு பற்றி அறிக்கை எழுதவும் அவருக்கு அதிகாரம் உண்டு.

நாள்கள் குறைந்த நிலையில் திரும்புவோருக்கு

எல்லையில் கேட்பதற்கு உண்மையையே சொல்லுங்கள். பொய்யான தகவல் தருவது நாள் குறைவை விடப் பெரிய குற்றச்சாட்டாக மாறும். காரணங்களை விளக்கும் கடிதத்தையும் சான்றுகளையும் கைப்பையில் வைத்திருங்கள். பெட்டிக்குள் வைத்தால் அந்த நேரத்தில் பயன்படாது. மனிதாபிமானக் காரணங்களைக் கருத்தில் கொள்ள அதிகாரிக்கு அதிகாரம் இருக்கிறது. எத்தனை நாள்கள் குறைவு, ஏன் போனீர்கள், திரும்ப முடிந்த முதல் வாய்ப்பிலேயே திரும்பினீர்களா, இங்கே உங்களுக்கு என்ன வேர் இருக்கிறது, தீர்மானத்தால் பாதிக்கப்படும் பிள்ளையின் நலன் என்ன என்பன எடைபோடப்படும்.

அறிக்கை எழுதப்பட்டு வெளியேற்ற உத்தரவு பிறந்தால் மேன்முறையீட்டுக்கு 30 நாள்கள் உண்டு. அது முடியும் வரை நீங்கள் நிரந்தர வதிவாளரே. வேலை செய்யலாம், ஓராண்டு செல்லுபடியாகும் அட்டையும் பெறலாம். ஆயினும் அறிக்கைக்குப் பின் கனடாவில் கழிக்கும் நாள்கள் அந்த வழக்கின் கணக்கில் சேரமாட்டா. களைத்துப் போய் இறங்கியிருக்கும் அந்த வேளையில், உரிமையைத் தாமாகத் துறக்கும் படிவத்தில் கையெழுத்திடுவது எளிதாகத் தோன்றலாம். அது உங்கள் விருப்பத்துக்கு உட்பட்டது, கட்டாயமன்று, கையெழுத்திட்டு ஏற்கப்பட்ட பின் மேன்முறையீடு இல்லை. சட்டத்தரணியுடன் பேசாமல் அதில் கை வைக்க வேண்டாம்.

பிள்ளைகளின் அனுசரணையில் வந்து, குளிர் ஒத்துக்கொள்ளாமல் ஊரிலேயே பெரும்பகுதியைக் கழிக்கும் பெற்றோருக்கு மட்டும் துறத்தல் சில வேளை நியாயமான தெரிவாகலாம். அவர்கள் ஊரிலிருந்தே முறைப்படி துறந்து, பெற்றோர், பாட்டன் பாட்டிமாருக்கான சூப்பர் விசாவுக்கு விண்ணப்பித்தால், ஒரு தடவை வந்து ஐந்து ஆண்டுகள் வரை தங்கலாம். நாள் எண்ணும் தொல்லை இல்லை. ஆனால் அரச மருத்துவக் காப்புறுதி இல்லாமல் போகும், தனியார் காப்புறுதி வாங்க வேண்டும். முதியோர் ஓய்வூதியத்தை எதிர்பார்ப்போர், அதை வெளிநாட்டில் தொடர்ந்து பெற 18 வயதுக்குப் பின் 20 ஆண்டுகள் கனடாவில் வசித்திருக்க வேண்டும் என்பதையும், குறைந்த வருமானமுள்ள முதியோருக்கான வருமானத் துணைக் கொடுப்பனவு ஆறு மாதங்களுக்கு மேல் வெளியே இருந்தால் நின்றுவிடும் என்பதையும் கவனிக்க வேண்டும்.

அறிக்கை எதுவும் எழுதாமல் அதிகாரி உள்ளே விட்டுவிட்டால், அடுத்த வேலை கனடாவை விட்டு நகராமல் இருப்பதே. கணக்கு மறுபடி 730ஐத் தாண்டும் வரை அட்டையைப் புதுப்பிக்க விண்ணப்பிக்க வேண்டாம், எவருக்கும் அனுசரணை வழங்கத் தொடங்க வேண்டாம். இரண்டுமே உங்கள் கோப்பை ஒரு புதிய அதிகாரியின் முன் வைக்கும். அட்டை இல்லாமலும் கனடாவுக்குள் வேலை செய்யலாம், வாடகைக்கு வீடு எடுக்கலாம். வந்திறங்கியபோது கிடைத்த நிரந்தர வதிவிட உறுதிப்படுத்தல் தாளையும் சமூகக் காப்புறுதி எண்ணையும் பத்திரமாக வைத்திருங்கள். விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்திய ஐந்தாண்டில் 730க்கு மேல் சில வாரங்கள் கூடுதலாகச் சேர்ந்ததும், வேலை கொடுத்தவர் தரும் டி4 சம்பளப் படிவங்கள், வருடாந்த வரி மதிப்பீட்டு அறிவித்தல்கள், வாடகை ஒப்பந்தம் ஆகியவற்றுடன் புதுப்பித்தலுக்கு அனுப்பலாம்.